மின்சாரம் போனாலும் அழியாத இடம்

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போகும் வாழையிலைக் கடையில் பரிமாறுகிற அண்ணனுக்கு என்னோடு வேலை செய்யும் அவளைக் கண்டால் கொஞ்சம் பயம். இலையை விரித்ததுமே அவள் விரலை நீட்டிவிடுவாள். "அண்ணே, பீட்ரூட் அந்த மூலைக்கு. ரசத்த சோத்துல ஊத்தாதீங்க, கப்புல குடுங்க. அப்பளம் இலையில படவேணாம், நமத்துப் போயிரும். இந்தா, இந்தத் தட்டுல வைங்க." அவரும் அவள் சொன்ன இடத்தில் வைப்பார். ஒருநாள் மட்டும் பொறுக்காமல் கேட்டுவிட்டார்.

"தங்கச்சி, எல்லாம் ஒரே வயித்துக்குள்ளதானே போவுது?"

அவள் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தாள். "போற வரைக்கும் அது அது எடத்துல இருக்கட்டும்ணே" என்றாள்.

அந்தக் கடையிலிருந்து சற்றுத் தள்ளி, ஒரு சேலைக்கடையின் மேல்மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. சின்ன நிறுவனம். மருத்துவமனையில் கட்டிலுக்குப் பக்கத்தில் கம்பியில் மாட்டியிருப்பார்களே, நரம்பு வழியாக மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே செலுத்தும் பம்பு, அதைத்தான் நாங்கள் உருவாக்கிக்கொண்டிருந்தோம். அதன் வெளிக்கூடு ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலையில் தயாரானது. உள்ளே இருக்கும் சிப்பை நடத்துகிற நிரலை அவளும் நானும் சி மொழியில் எழுதினோம். கிட்டத்தட்ட ஒரே வயது. அவள் செராஸில் அம்மாவோடு அடுக்குமாடி வீட்டில் இருந்தாள். நான் கிள்ளானில் அப்பாவோடு. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இடப்பக்கம் விழுந்திருந்த சமயம் அது.

அவளைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், சிப்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வேறு வழியில்லை.

நிரலில் ஓர் எண்ணை வைத்துக்கொள்ள ஒரு பெயர் கொடுப்போம். அதை மாறி என்பார்கள். நோயாளிக்கு எவ்வளவு மருந்து போக வேண்டும் என்பதற்கு ஒரு மாறி, இதுவரை எவ்வளவு போயிருக்கிறது என்பதற்கு இன்னொரு மாறி. பெயர் வைப்பதோடு எங்கள் வேலை முடிந்தது என்றுதான் பெரும்பாலானவர்கள் நினைப்பார்கள். அந்த மாறியை நினைவகத்தில் எங்கே உட்கார வைப்பது என்பதை, நிரலைச் சிப்புக்குப் புரியும் மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலரும் அதன் கூட்டாளிகளும் பார்த்துக்கொள்வார்கள். ஆனால் சிப்பின் நினைவகம் ஒரே மாதிரி நிலம் இல்லை. ஒரு பகுதி, கருவி விழித்தெழும் ஒவ்வொரு முறையும் துடைத்துப் பூஜ்யமாக்கப்படும். ஒரு பகுதியில் எழுதியதை மாற்றவே முடியாது. எங்கள் சிப்பில் மூன்றாவதாக ஒரு சின்ன மூலை இருந்தது. சட்டைப் பொத்தான் அளவு பேட்டரி ஒன்று அதற்கு மட்டும் உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும். மொத்த மின்சாரமும் போனாலும் அங்கே இருப்பது அழியாது.

'இந்த மாறியை அந்த மூலையில் வை' என்று கம்பைலருக்குத் தனியாக ஒரு வரி எழுதிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது தன் இஷ்டத்துக்கு, துடைக்கப்படும் பகுதியில் கொண்டுபோய் வைத்துவிடும். அவள் எதையும் அதன் இஷ்டத்துக்கு விட்டதில்லை. நான் புதிதாக ஒரு மாறி எழுதிக் காட்டினால் அது எதற்கு என்று கேட்பதற்கு முன்னால் கேட்பாள்: "இது எங்க உக்காருது?"

"எங்கயாவது உக்காரட்டும் லா. வேலை செஞ்சா போதும்."

"எங்கயாவதுன்னு ஒரு எடம் இல்ல. எங்கன்னு சொல்லு."

ஒவ்வொரு முறை நிரலைக் கட்டி முடித்ததும், எது எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டும் மேப் என்கிற ஒரு கோப்பு உருவாகும். நீளமானது, வெறும் பெயர்களும் முகவரிகளும். யாரும் அதைத் திறக்க மாட்டார்கள். அவள் காலையில் பால் சேர்க்காத தேநீரான தே ஓவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பேப்பரில் மரண அறிவித்தல் பார்ப்பதுபோல, அதை மேலிருந்து கீழ்வரை பார்ப்பாள். சில சமயம் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள். என்ன என்று கேட்டால், "இந்தா பாரு, நேத்து இங்க இருந்துச்சு. இன்னிக்குப் பக்கத்து வீட்டுக்குக் குடிபோயிருக்கு" என்பாள்.

நான் வேலைக்குச் சேர்ந்த அன்று எனக்கு எந்த மேசை என்று பாஸ் சொல்வதற்குள் அவள் முடிவு செய்துவிட்டாள். வணக்கம்கூடச் சொல்லவில்லை. "உனக்கு ஏர்கோன் குளிர் ஒத்துக்குமா?" என்று கேட்டாள். மூக்கடைப்பு வரும் என்றேன். அவ்வளவுதான், ஜன்னலோர மேசையிலிருந்த காகிதக் கட்டுகளைத் தூக்கித் தரையில் வைத்தாள். பத்து நிமிடத்தில் எனக்கு ஓர் இடம் இருந்தது. அங்கிருந்து பார்த்தால் கீழே பூக்கடை, அதற்கு மேலே மோனோரயில் வளைந்து போகிற தண்டவாளம். அந்த ஜன்னலை இன்றைக்கும் கனவில் காண்கிறேன். கனவில் மேசை எப்போதும் காலியாகத்தான் இருக்கிறது.

ஒரு தீபாவளிக்கு அவள் வீட்டில் விருந்து. அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா என்று கட்டாயப்படுத்தினாள். சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு நான் உள்ளே நுழைந்தபோது கூடம் நிறைய ஆட்கள். அவளுடைய அம்மா என்னைப் பார்த்ததும் புகார் சொல்ல ஆரம்பித்துவிட்டார். "நீயே சொல்லுய்யா. என் வீட்டு உப்பு டப்பாவ நான் மாத்தி வச்சா இவளுக்கு என்னா? வாசல்ல வர்றப்பவே கண்டுபிடிச்சிர்றா." நான் சிரித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால், அவள் நாற்காலிகளை இழுத்து இடம் மாற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு மாமாக்களை எழுப்பி வேறு பக்கம் உட்கார வைத்தாள். அப்பாவின் நாற்காலியைச் சற்றே திருப்பிச் சுவரோரம் கொண்டுபோய் நிறுத்தினாள். ஏன் இவ்வளவு அமர்க்களம் என்று எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் பார்த்தேன். விளங்காத கை சுவர்ப் பக்கம். நல்ல கை மேசைப் பக்கம். முறுக்குத் தட்டு அந்தக் கைக்கு எட்டுகிற தூரத்தில். கூடத்தில் யார் பேசினாலும் அப்பா கழுத்தைத் திருப்பாமல் அவர்கள் முகத்தைப் பார்க்கலாம். அன்றைக்கு அப்பா தானாகவே எடுத்துச் சாப்பிட்டார். யாரும் ஊட்டவில்லை.

காடியை ஓட்டிக்கொண்டு திரும்பி வரும்போது, குழறிய குரலில், "அந்தப் புள்ள யாரு?" என்று கேட்டார்.

"கூட வேலை செய்றவங்கப்பா."

"ம்" என்றார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடியும், "நல்ல புள்ள" என்றார்.

எப்படி இப்படி ஆனாய் என்று அவளிடம் நான் ஒரே ஒரு முறை கேட்டிருக்கிறேன். பக்கத்துச் சென்ட்ரல் நிலையத்தில் ரயிலுக்குக் காத்திருந்தபோது. அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "எங்கப்பா நான் சின்னப் புள்ளையா இருக்கப்ப வேலைக்குப் போறேன்னு போனாரு. திரும்பி வரல. செத்துட்டாருன்னா அழுது முடிச்சிருப்போம். அவரு சாகல. ஜொகூர்ல இருக்காருன்னு ஒருத்தர் சொல்வாங்க, ஈப்போவுல பாத்தேன்னு இன்னொருத்தர் சொல்வாங்க. என் ஐசி கார்டுல அவரு பேரு இருக்கு. ஆளு எங்கன்னுதான் தெரியல." பிறகு ரயில் வந்தது. அதைப் பற்றி அவள் மறுபடியும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அந்தப் பம்பு கிட்டத்தட்டத் தயாராகிவிட்ட சமயத்தில் எங்கள் கம்பைலரின் உரிமம் முடிந்தது. புதுப்பிக்க அதிகம் கேட்டார்கள். இலவசமாகக் கிடைக்கும் வேறொரு கம்பைலருக்கு மாறிவிடலாம் என்று பாஸ் சொன்னார். அவர் சீனர். எங்களோடு ஆங்கிலமும் மலாயும் கலந்து பேசுவார். கஞ்சர் இல்லை, உண்மையிலேயே நிறுவனத்தில் தெம்பு இல்லை. எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து மாற்றினோம். சிக்கல் என்னவென்றால், சி மொழி எல்லாக் கம்பைலருக்கும் பொதுவானதாக இருந்தாலும், 'இதை இங்கே வை' என்று சொல்கிற வரி மட்டும் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு மாதிரி. ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்குப் புரியாது. புரியாத வரியைக் கண்டால் அது சண்டை போடாது. ஓர் ஓரத்தில் எச்சரிக்கை எழுதிவிட்டுத் தாண்டிப் போய்விடும். முதல் நாள் அப்படி எச்சரிக்கைகள் திரை நிறையக் கொட்டின. பெரும்பாலானவை ஒன்றுமில்லாதவை. கண்ணை உறுத்துகிறது என்று எச்சரிக்கைகளை அணைத்து வைத்தோம். அப்புறம் பார்க்கலாம் என்று அவளும்தான் சொன்னாள். தான் எழுதிய வைப்பு வரிகளையெல்லாம் தேடித் தேடிப் புதிய கம்பைலரின் பேச்சுக்கு மாற்றினாள்.

பம்பு நன்றாக ஓடியது. மருந்து ஓடும் வேகத்தைச் சோதனையாளன் ஹபீஸ் மறுபடியும் அளந்து பார்த்தான். மின்சாரம் போய் வந்தால் என்ன ஆகும் என்ற சோதனையைப் பழைய கம்பைலரில் ஏற்கெனவே செய்திருந்ததால் திரும்பச் செய்யவில்லை. ஒரு மருத்துவமனையில் முன்னோட்டத்துக்கு நாள் குறித்தாயிற்று. பெட்டிகள் ஷா ஆலமில் கட்டித் தயாராக நின்றன.

அனுப்புவதற்கு முதல் நாள் காலை அவள் வழக்கம்போலக் கோப்பைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். தே ஓ குடிக்காமல் அப்படியே ஆறிப்போயிருந்ததை நான்தான் முதலில் கவனித்தேன். "பசியாறலையா?" என்று கேட்டேன். அவள் எழுந்துபோய் ஒரு பம்பைத் தூக்கிக்கொண்டு கூட்ட அறைக்குள் போனாள். "எல்லாரையும் கூப்பிடு" என்றாள்.

கம்பியில் ஒரு பை நிறையத் தண்ணீர் தொங்கியது. குழாயின் முனை மேசைமேல் ஓர் அளவுக் குவளைக்குள் இருந்தது. ஐம்பது மில்லி கொள்ளும் குவளை. ஐம்பது மில்லி செலுத்து என்று பம்புக்குச் சொல்லி ஓடவிட்டாள். பாஸ் கைபேசியை மேசைமேல் வைத்துவிட்டுக் கைகட்டி உட்கார்ந்திருந்தார். பாதி நிறைந்ததும் அவள் பிளக்கைப் பிடுங்கினாள். பின்னாலிருந்த பெரிய பேட்டரியையும் கழற்றினாள். திரை இருண்டது. மறுபடியும் எல்லாவற்றையும் மாட்டினாள். திரை ஒளிர்ந்தது. இதுவரை போனது இவ்வளவு, மீதியைத் தொடரவா என்று அது கேட்க வேண்டும். கேட்கவில்லை. செலுத்த வேண்டியது ஐம்பது, செலுத்தியது பூஜ்யம் என்று காட்டியது. அவள் பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

குவளை நிறைந்தது. பிறகும் பம்பு நிற்கவில்லை. தண்ணீர் விளிம்பைத் தாண்டி மேசையில் இறங்கி மெதுவாக பாஸின் கைபேசியை நோக்கிப் போனது. ஹபீஸ் அதை எடுத்துத் தள்ளி வைத்தான். அவள் துடைக்கவில்லை.

"இது தண்ணி" என்றாள். "மார்ஃபின்னு நெனச்சுக்குங்க."

எந்த வரி என்று பாஸ் கேட்டார். இதுவரை எவ்வளவு மருந்து போனது என்று வைத்திருக்கும் மாறியின் வரி. பழைய கம்பைலரின் பேச்சிலேயே இருந்துவிட்டது. புதியது அதைப் புரியாமல் தாண்டிப் போய், மாறியைத் துடைக்கப்படும் பகுதியில் வைத்துவிட்டது.

யார் எழுதியது என்று கேட்டார்.

"நான்தான். மொதல் வருஷம் எழுதின இந்த நிரல் கோப்புல மட்டும் மாத்தாம விட்டுட்டேன்." பிறகு ஹபீஸைப் பார்த்து, என்னைப் பார்த்து, கடைசியில் யாரையும் பார்க்காமல் சொன்னாள். "மாத்தினதுக்கப்புறம் தெனமும் மேப்ப பாத்தேன். அதோட பேரு இருக்கான்னு பாத்தேன். இருந்துச்சு. எங்க இருக்குன்னு பாக்கல. அவசரத்துல இருந்தேன்."

திருத்த எவ்வளவு நேரம் என்று பாஸ் கேட்டார். ஐந்து நிமிடம் என்றாள். அப்படியானால் திருத்திவிட்டு நாளைக்கு அனுப்பலாமே என்றார். அவள் முடியாது என்றாள். ஒன்று விட்டுப்போயிருந்தால் இன்னொன்றும் விட்டுப்போயிருக்கலாம், கையால் வைத்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, மின்சாரச் சோதனை அத்தனையும் புதிதாகச் செய்ய வேண்டும், சில வாரங்கள் ஆகும் என்றாள். அதற்குள் முன்னோட்டம் கைவிட்டுப் போகும் என்று பாஸ் சொன்னார். குரலை உயர்த்தவில்லை. கெஞ்சுவதுபோல இருந்தது.

"தெரியும் பாஸ். ஆனா நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

அவர் எழுந்து என் மேசைப் பக்கத்து ஜன்னலில் போய் நின்றார். வெகுநேரம் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தானே மருத்துவமனைக்குப் போன் செய்து, நாங்கள் தயாராக இல்லை என்று சொன்னார். அந்த மனிதரை நான் அன்றிலிருந்து மதிக்கிறேன்.

அந்த வாரங்களில் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. எல்லாவற்றையும் பார்த்து முடித்தபோது வேறு எந்தத் தவறும் இல்லை. ஒரே ஒரு வரிதான். ஆனால் முன்னோட்டத்துக்கான இடத்தை வேறொரு நிறுவனம் பிடித்துக்கொண்டது. எங்களை நம்பி முதல் போட்டவர்கள் ஒதுங்கினார்கள். பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. அதில் ஹபீஸும் ஒருவன். அவனுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது.

கடைசி நாளில் அவன் ஒவ்வொரு மேசையாக வந்து கை கொடுத்தான். என்னைக் கட்டிப்பிடித்தான். அவள் எழுந்து நின்றாள். "நீ செஞ்சது சரிதான்" என்று மலாயில் அவளிடம் சொல்லிவிட்டு, கை கொடுக்காமல் படியிறங்கிப் போய்விட்டான். அவன் கோபத்தில் சொன்னானா, மனதாரச் சொன்னானா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவள் கழிவறைக்குப் போனாள். திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

"திட்டியிருக்கலாம்" என்றாள்.

சில மாதங்கள் கழித்து ஜெர்மனியில் கம்பைலர் செய்கிற நிறுவனம் ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. நேர்காணலில் என்ன கேட்டார்கள் என்றதற்கு, "வைப்பு வரி புரியலன்னா தாண்டிப் போவாம அங்கயே நிக்கணும், அத நான் செஞ்சு தர்றேன்னு சொன்னேன். எடுத்துக்கிட்டாங்க" என்றாள்.

அவள் என்னைக் கேட்ட விதத்தையும் சொல்ல வேண்டும். வேலையை விடுவதற்கு முந்தைய வாரம், சாயங்காலம், சென்ட்ரலில் நான் கிள்ளான் ரயிலுக்கு இறங்குகிற படிக்கட்டுக்குப் பக்கத்தில். கூட்டம் எங்களை இடித்துக்கொண்டு போனது. அவள் தோள்பையை இறுக்கிப் பிடித்தபடி பேசினாள்.

"நீயும் வர்றியா?"

நான் புரியாதவன்போல நின்றேன்.

"கல்யாணம் பண்ணிக்கிட்டா விசா சுலபம். அம்மாவும் வராங்க. உங்கப்பாவுக்குக் கீழ்வீடாப் பாத்தா படி ஏற வேணாம். நான் பாக்கற ஊர்ல ரெண்டு தெரு தள்ளி ஆஸ்பத்திரி இருக்கு, விசாரிச்சிட்டேன். குளிருக்கு மட்டும் கொஞ்சம் பழகணும்." ஒவ்வொருவருக்கும் இடம் பார்த்து வைத்திருந்தாள். தன்னைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியாக, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, "எனக்கு நீ பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும்" என்றாள்.

அந்த வாக்கியத்தை நான் எத்தனை முறை திரும்பக் கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனாலே அது கேட்கும்.

மறுநாள் அப்பாவின் டாக்டரிடம் கேட்டேன். அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார அப்பாவின் உடம்பு தாங்காது என்றார். இன்னொரு டாக்டரிடமும் கேட்டேன். அவரும் அதையே சொன்னார். அப்பா மட்டும் நல்ல கையை ஆட்டி ஆட்டி, "நீ போ, போ" என்றார். அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரை விட்டுப் போக மாட்டேன் என்று எனக்குத் தெரிந்துதானே இருந்தது.

அவளிடம் சொன்னபோது எதுவும் வாதாடவில்லை. எல்லாவற்றிலும் பிடித்த பிடியில் நிற்பவள், இதில் நிற்கவில்லை. "சரி" என்றாள். பிறகு, "தோசை சாப்பிடலாமா?" என்றாள். போய்ச் சாப்பிட்டோம். அன்றைக்குச் சட்னியை எங்கே வைக்க வேண்டும் என்று அவள் யாருக்கும் சொல்லவில்லை.

முதலில் அடிக்கடி பேசினோம். பிறகு பண்டிகைகளுக்கு. பிறகு அதுவும் குறைந்துபோயிற்று. பாஸ் அந்தப் பம்பின் வடிவமைப்பை, நிரலோடு சேர்த்து, பெரிய நிறுவனம் ஒன்றுக்கு விற்றுவிட்டு ஓய்வெடுத்துக்கொண்டார். நான் ஷா ஆலமில் வேறு வேலைக்குப் போனேன்.

போன வருடம் அப்பாவைக் கிள்ளானில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தேன். திரும்ப வரமாட்டார் என்று எல்லாருக்கும் தெரிந்த படுக்கை அது. வலிக்கு மருந்து ஓடிக்கொண்டிருந்த பம்பின் நிறமும் பெயரும் வேறு. ஆனால் பொத்தான்களின் வரிசையைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. நாங்கள் செய்தது.

இரண்டாம் நாள் காலை அப்பாவை வேறு வார்டுக்கு மாற்றினார்கள். எங்கள் ஊரில் மிஸ்ஸி என்று கூப்பிடும் நர்ஸ் கட்டிலோடு பம்பையும் தள்ளிக்கொண்டு போனார். நடைவழியின் பாதியில் பம்பின் பேட்டரி தீர்ந்து திரை இருண்டது. "பழைய பேட்டரி லா, அதான். அங்க போயி மாட்டிக்கலாம், பயப்படாதீங்க" என்றார். புது வார்டில் பிளக்கைச் சொருகினார். நான் அவர் கைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவர் பச்சைப் பொத்தானை அழுத்துவதற்குள் தடுத்துவிட வேண்டும் என்றுதான் கையை நீட்டியிருந்தேன்.

திரை ஒளிர்ந்தது. இதுவரை செலுத்தியது முப்பத்தொன்று. மீதி பத்தொன்பது. தொடரவா?

மிஸ்ஸி படித்தாரோ இல்லையோ, பொத்தானைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார். நான் சுவரில் சாய்ந்துவிட்டேன்.

"என்னா சார், மயக்கமா?"

"இல்ல மிஸ்ஸி. இந்த பம்பு எனக்குத் தெரிஞ்சவங்க செஞ்சது."

"ஓ, நம்ம ஆளா?"

"செராஸ்காரங்க" என்றேன்.

அதற்கு நான்காம் நாள் அப்பா அமைதியாகப் போனார். காரியமெல்லாம் முடிந்தபின் அவளுக்குச் செய்தி அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். அங்கே காலை. என்னிடம் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"அப்பா கட்டில் எங்க இருந்துச்சு? ஜன்னல் பக்கமா?"

"ஆமா. புது வார்டுல ஜன்னல் பக்கம் குடுத்தாங்க."

"நல்ல கை எந்தப் பக்கம்?"

"என் பக்கம்."

"ம்" என்றாள். அழுகிறாள் என்று மூச்சில் தெரிந்தது.

பம்பைப் பற்றிச் சொன்னேன்.

"எவ்ளோ காட்டுச்சு?"

"முப்பத்தொண்ணு."

"மீதி?"

"பத்தொம்போது."

மனதுக்குள் கூட்டிப் பார்த்திருப்பாள். "சரியா இருக்கு" என்றாள். இரண்டு பேருமே போனை வைக்கவில்லை.

"இப்ப வீட்டுல உன்கூட யாரு இருக்கா?" என்று கேட்டாள்.

"நான்தான்."

சொல்லை எங்கே வைப்பது என்று அவள் தடுமாறி நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. பிறகு ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

"நான் இங்க தனியா இல்ல."

"தெரியும்" என்றேன். அந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது.

"அம்மா உன்கிட்ட பேசணுமாம். குடுக்கவா?"

குடு என்றேன். அம்மா அப்பாவைப் பற்றி விசாரித்தார், அழுதார், சாப்பிட்டாயா என்று கேட்டார். சாப்பிட்டேன் என்றேன். அவர் பேசிக்கொண்டிருக்கையில், பின்னாலிருந்து அவள் யாரிடமோ அந்த ஊர் மொழியில் ஏதோ சொல்வது கேட்டது. என்னவென்று புரியவில்லை. ஓர் ஆண் குரல் சிரித்தது. அவளும் சிரித்தாள். நான் போனைக் காதோடு இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டேன்.